வாட்ஸ்அப் குழுவுக்கு 'ஸ்லீப்பர் செல்' என்று பெயர் வைக்காதீர்கள்

போன வருடம் ஆய்வு முடிந்த கையோடு இதை எழுதியிருக்க வேண்டும். அப்போது எழுதியிருந்தால் வெறும் கோபம்தான் வந்திருக்கும். இப்போது கொஞ்சம் ஆறிவிட்டது. எங்களுக்கு முன்னால் இந்த மாதிரி ஆய்வு செய்த யாராவது நாலு வரி எழுதி வைத்திருந்தால் ஐந்து வாரமும், எட்டாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் ரூபாயும், நிறையத் தூக்கமும் மிச்சமாகியிருக்கும்.

நான் திருநெல்வேலிப் பக்கம். டில்லியில் எம்.ஏ. அரசியல் அறிவியல் படிக்கிறேன். முனிர்காவில் ஒரு பி.ஜி.யில் தங்கியிருக்கிறேன். இரண்டாம் செமஸ்டரில் ஒரு பேப்பருக்குத் தேர்வு கிடையாது, குழு ஆய்வு மட்டும்தான். ஒரு தீவிரவாத அமைப்பு ஆட்களை எப்படிச் சேர்க்கிறது, எப்படித் தக்கவைக்கிறது என்பது தலைப்பு. எந்த அமைப்பு என்பது நம் இஷ்டம். என்னுடன் மதுரைக்காரன் ஒருவன், பாலக்காட்டுப் பெண் ஒருத்தி, ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பிலேயே பிறந்து வளர்ந்த டில்லித் தமிழ்ப் பெண் ஒருத்தி, பாட்னாக்காரன் ஒருவன். பாட்னாக்காரனுக்குத் தமிழில் 'சரி சரி' மட்டும் தெரியும், அதை எல்லாவற்றுக்கும் சொல்வான். ஐந்து பேருமே காலை ஒன்பது மணி வகுப்பில் தூங்கி வழிகிறவர்கள். அதனால் மதுரைக்காரன் எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு ஆங்கிலத்தில் 'ஸ்லீப்பர் செல்' என்று பெயர் வைத்தான். உத்தரவு வரும்வரை பதுங்கியிருக்கும் தீவிரவாதக் குழுவை அப்படிச் சொல்வார்கள். எல்லோரும் சிரித்தோம்.

முதலில் எடுத்தது ஐ.எஸ். எனும் இஸ்லாமிக் ஸ்டேட் அமைப்பு. அதைப் பற்றித்தான் எக்கச்சக்கமாக எழுதியிருக்கிறார்களே, வேலை சுலபம் என்று நினைத்தோம். அந்த அமைப்பு 2014 முதல் ஆங்கிலத்தில் ஓர் இதழ் நடத்தியது. பளபளவென்று, நல்ல வடிவமைப்போடு இருக்கும். அதன் பி.டி.எஃப். எங்கேயோ கிடைத்தது. 'மூலத்தையே படிச்சாத்தான் ஆய்வு' என்று மதுரைக்காரன் அதைக் குழுவில் போட்டான். பாட்னாக்காரன் இன்னும் இரண்டு இதழ்களைத் தேடிப் பிடித்தான். நான்கு பேர் கட்டைவிரல் உயர்த்தினோம். பாலக்காட்டுப் பெண் மட்டும், இதையெல்லாம் டவுன்லோடு பண்ணுவது சட்டப்படி சரியா என்று ஆங்கிலத்தில் ஒரு வரி கேட்டிருந்தாள். அதற்கு யாரும் பதில் போடவில்லை. நானும் போடவில்லை. பார்த்தேன், பதில் தெரியவில்லை, கடந்து போய்விட்டேன். அந்த ஒரு வரி பின்னால் இரண்டு முறை திரும்பி வந்தது.

பிப்ரவரி முதல் வாரம். திரையில் படித்துப் படித்துக் கண் எரிகிறது, அச்செடுத்து அடிக்கோடு போட்டுப் படிக்கலாம் என்று நானும் மதுரைக்காரனும் பேர் சராய் ஜெராக்ஸ் கடைக்குப் போனோம். அந்தப் பக்கம் படித்தவர்களுக்குத் தெரியும், வரிசையாக ஜெராக்ஸ் கடையும் ஐ.ஏ.எஸ். நோட்ஸ் கடையும்தான். பென் டிரைவைக் கொடுத்தோம். மொத்தம் எழுபத்துச் சொச்சம் பக்கம், அட்டை மட்டும் கலரில். மெஷினிலிருந்து முதல் தாள் வெளியே வந்ததும் கடைக்காரர் அதை எடுத்துப் பார்த்தார். கறுப்புக் கொடி, துப்பாக்கி, முகமூடி. அப்புறம் எங்களைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. 430 ரூபாய் வாங்கிக்கொண்டு, 'ஸ்பைரல் போட அரைமணி நேரம் ஆகும், டீ குடிச்சிட்டு வாங்க' என்று ஹிந்தியில் சொன்னார். போய் டீ குடித்துவிட்டு வந்தோம். கடை வாசலில் இரண்டு கான்ஸ்டபிள்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

அந்தக் கடைக்காரர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். காவல் நிலையத்திலும் யாரும் கை ஓங்கவில்லை, கத்தவில்லை. ஆனால் மாலை ஐந்தேகாலிலிருந்து இரவு பத்தரை வரை ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கை நடுங்குவது தெரியக்கூடாது என்று துப்பட்டாவுக்குள் கையைச் சுருட்டி வைத்துக்கொண்டேன். சப் இன்ஸ்பெக்டர் எங்கள் இருவர் போனையும் வாங்கித் திறக்கச் சொன்னார். முதலில் அவர் கண்ணில் பட்டது குழுவின் பெயர். 'யே க்யா ஹை?' என்றார். மதுரைக்காரன் விளக்க ஆரம்பித்தான். காலை வகுப்பு, தூக்கம், ஜோக். அவன் ஹிந்தி அன்றைக்கு மாதிரி என்றைக்கும் அவனைக் கைவிட்டதில்லை. தூங்குகிறவர்களின் அறை என்றோ என்னவோ சொல்லித் தொலைத்தான். அவர் சிரிக்கவில்லை. மெல்ல விரலால் தள்ளித் தள்ளி மொத்த உரையாடலையும் படித்துக்கொண்டே போனார். ஓர் இடத்தில் நிறுத்தி, போனை என் பக்கம் திருப்பினார். பாலக்காட்டுப் பெண் கேட்டிருந்த அந்த வரி. 'இந்தப் பெண் சரியாத்தானே கேட்டிருக்கா, ஏன் ஒருத்தரும் பதில் சொல்லலை?' என்றார். அந்த ஐந்து மணி நேரத்தில் என்னைக் கேட்ட கேள்விகளிலேயே எனக்குப் பதில் தெரியாத கேள்வி அதுதான்.

டில்லித் தோழிக்குத் தகவல் போய், அவள் அப்பா மங்கி குல்லாயோடு ஸ்கூட்டரில் வந்தார். மத்திய அரசில் முப்பது வருடம் வேலை பார்த்தவர், சுத்தமான ஹிந்தி. அவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் மூச்சு வந்தது. 'பயப்படாதம்மா, படிக்கிற பிள்ளைங்கன்னு எழுதிக் கொடுத்தா முடிஞ்சிடும்' என்றார். ஆனால் எழுதிக் கொடுப்பது யார்? எங்களிடம் துறையின் கடிதம் ஒன்றுகூட இல்லை. கடைசியில் வழிகாட்டி மேடம் ஆட்டோ பிடித்து வந்து, தன் அடையாள அட்டையைக் காட்டி, கையாலேயே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அச்செடுத்த தாளும் பென் டிரைவும் அங்கேயே தங்கின. போன்கள் மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தன. அதுவரை அம்மாவிடம் பேச 1,400 ரூபாய்க்கு ஒரு பட்டன் போன் வாங்கினேன். 'ஏன்டி வேற நம்பர்லருந்து பேசுற?' என்று அம்மா கேட்டபோது, போன் தண்ணீரில் விழுந்துவிட்டது என்று பொய் சொன்னேன். அம்மாவிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள்.

இங்கே நிறுத்திச் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். தடை செய்யப்பட்ட அமைப்பைப் பற்றி ஆய்வு செய்வது குற்றமில்லை. ஆனால் ஆய்வு செய்கிறீர்கள் என்பது உங்கள் முகத்தில் எழுதியிருக்காது. ஐ.எஸ். இந்தியாவில் 2015லேயே தடை செய்யப்பட்டது. கேரளத்தில் 2019 நவம்பரில் இரண்டு மாணவர்களை, மாவோயிஸ்டு துண்டறிக்கைகளும் புத்தகங்களும் வைத்திருந்ததாகச் சொல்லி உபா எனும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் கைது செய்தார்கள். ஒருவர் சட்டம் படித்தவர், மற்றவர் இதழியல். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஜாமீன் வழங்கியபோது, வெறும் தொடர்போ ஆதரவோ போதாது, அந்த அமைப்பின் செயலை வளர்க்கும் நோக்கம் இருந்ததாகத் தெரிய வேண்டும் என்றது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அதற்குள் அவர்களில் ஒருவர் இரண்டு தவணையாக ஒரு வருடத்துக்கு மேல் சிறையில் இருந்தாகிவிட்டது. வெளிநாட்டிலும் இதே கதைதான். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 2008 மே மாதம், பயங்கரவாதத்தைப் பற்றி ஆய்வு செய்த ஒரு முதுகலை மாணவரை, அல்காயிதா பயிற்சிக் கையேட்டை இறக்கி வைத்திருந்ததற்காகப் பிடித்து ஒரு வாரத்துக்குக் கிட்ட வைத்திருந்தார்கள். அந்தக் கையேடு அமெரிக்க அரசின் இணையதளத்திலேயே கிடைத்தது. வழக்கே போடாமல் விட்டார்கள், 2011ல் காவல் துறை 20,000 பவுண்டு இழப்பீடும் கொடுத்தது. இவையெல்லாம் மேடம் அடுத்த நாள் அறையில் உட்கார வைத்துச் சொன்னவை. முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

ஆகவே, வேலையைத் தொடங்கும் முன் துறைத் தலைவர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட கடிதம் ஆளுக்கொன்று வாங்குங்கள். தலைப்பு, காலம், குழுவில் உள்ள எல்லோர் பெயரும் அதில் இருக்கட்டும். அமைப்பே வெளியிட்ட பிரசாரப் பொருள் தேவைப்பட்டால் நூலகம் வழியாகவோ வழிகாட்டி வழியாகவோ பாருங்கள். சொந்த போனில் இறக்காதீர்கள், நண்பருக்கு அனுப்பாதீர்கள். இறக்கி வைத்துக்கொள்வது ஒன்று, ஐந்து பேருக்குப் பரப்புவது வேறொன்று. நாங்கள் இரண்டையும் செய்தோம். என்ன தேடினோம், எந்தத் தேதியில், எதற்காக என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். குழுவுக்குப் பெயர் வைக்கும்போது, அதை முன்பின் தெரியாத ஒருவர் படித்தால் என்ன நினைப்பார் என்று ஒரு முறை யோசியுங்கள். எங்கள் குழுவின் பெயர் அன்று இரவே 'பேப்பர் 204' ஆனது.

ஐ.எஸ்.ஸை விட்டோம். அதற்குள் பிப்ரவரி மூன்றாம் வாரம். முடிந்துபோனதாக, வழக்குகள் தீர்ப்பானதாக, நீதிமன்றத்தில் எல்லாம் வெளியே வந்ததாக ஓர் அமைப்பை எடுங்கள் என்று மேடம் சொன்னார். அப்படித்தான் ஜப்பானின் ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக் குழுவுக்கு வந்தோம். 1995 மார்ச் 20, திங்கட்கிழமை காலை எட்டு மணி வாக்கில் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் என்ற நச்சைப் பரப்பியவர்கள். அம்மாவிடம் போனில் சொன்னேன். 'ஓம்னு பேரு வச்சிக்கிட்டா அந்த அநியாயம்?' என்றாள். பெயர் மட்டுமில்லை. அவர்களுடைய முதன்மைத் தெய்வம் சிவன். ஃபுஜி மலை அடிவாரத்துக் கட்டடங்களுக்கு 'சத்தியம்' என்பதை ஜப்பானிய வாயில் 'சாட்டியான்' ஆக்கி எண் கொடுத்திருந்தார்கள். சாரின் தயாரித்தது ஏழாம் எண் சத்தியத்தில். தலைவர் ஷோகோ அசஹாராவின் இயற்பெயர் சிஸுவோ மாட்சுமோட்டோ. 1984ல் டோக்கியோவில் ஒரு சின்ன யோகா வகுப்பாகத் தொடங்கியவர். 1987ல் இந்தியா வந்து தலாய் லாமாவைச் சந்தித்து எடுத்துக்கொண்ட படத்தை ஊரெல்லாம் காட்டியே ஆள் சேர்த்தார்.

இவ்வளவு அடிபட்டும் நாங்கள் மறுபடி அதே தப்பைத்தான் செய்தோம். அதாவது, அமைப்பு தன்னைப் பற்றிக் காட்டிக்கொண்டதிலிருந்தே ஆரம்பித்தோம். இந்த முறை அது பயமுறுத்தவில்லை, சிரிப்பு மூட்டியது. அசஹாரா பறப்பது போன்ற கார்ட்டூன். 1990 நாடாளுமன்றத் தேர்தலில் 25 பேரை நிறுத்தி, அவர் முகமூடியையும் பிள்ளையார் முகத்தையும் மாட்டிக்கொண்டு தெருவில் பாடி ஆடியது. 25 பேரும் தோற்றார்கள், அசஹாராவுக்கே இரண்டாயிரம் ஓட்டு வரவில்லை. தலைவரின் மூளை அலையோடு ஒத்துப்போக என்று, கம்பி தொங்கும் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு திரிந்தது. மார்ச் இரண்டாம் வாரம் இடைநிலை அறிக்கை. இந்தப் படங்களையெல்லாம் ஸ்லைடில் போட்டோம். வகுப்பே சிரித்தது. மதுரைக்காரன் நன்றாகப் பேசினான். முடிந்ததும் மேடம் ஒரே கேள்வி கேட்டார்: 'சுரங்க ரயில் தாக்குதலில் எத்தனை பேர் இறந்தார்கள்?' நான் 13 என்றேன். பாட்னாக்காரன் அதே நொடியில் 12 என்றான். எங்கள் ஸ்லைடில் 14 என்று இருந்தது.

சிரித்துக்கொண்டிருந்த வகுப்பு அமைதியானது. ஸ்டேஷன் பெஞ்சில்கூட எனக்கு அவ்வளவு வெட்கமாக இல்லை. மூன்று எண்ணும் ஒவ்வொரு காலத்தில் சரி என்பது பிறகுதான் தெரிந்தது. ஆரம்பத்தில் 12, பிறகு 13. 2020 மார்ச்சில் 56 வயதுப் பெண் ஒருவர் இறந்தபோது 14 ஆனது. அந்தக் காலையில் ரயிலில் இருந்தபோது அவருக்கு வயது 31. மூளை பாதிக்கப்பட்டு 25 வருடம் படுக்கையில் கிடந்தவர். காயம்பட்டவர் கணக்கும் அப்படியே. 5,000 என்றும் 5,500 என்றும் படிப்பீர்கள். பின்னாளில் இழப்பீட்டுச் சட்டம் வந்து எண்ணியபோது 6,000ஐத் தாண்டியது. எண்ணை எழுதினால் பக்கத்தில் எந்த வருடத்துக் கணக்கு என்று எழுதுங்கள். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். எங்களுக்கு மொத்த ஆய்வும் திரும்பியதே இந்த இடத்தில்தான்.

அன்றைக்குப் பிறகு எதிர்ப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தோம். அமைப்பால் பாதிக்கப்பட்டவர்கள், வழக்கு, விசாரணை அறிக்கை, அதற்கெல்லாம் அப்புறம்தான் அமைப்பின் வாய்ப்பேச்சு. 1995 அக்டோபரில் அமெரிக்க செனட்டின் துணைக்குழு ஒன்று இந்த அமைப்பைப் பற்றி விசாரித்து வெளியிட்டது ஆங்கிலத்திலேயே கிடைக்கிறது. அப்படிப் போனபோது முதலில் வந்து நின்றது ரயில் இல்லை, ஒரு வீடு. யோகோஹாமாவில் சகாமோட்டோ என்ற வழக்கறிஞர், அமைப்பில் சேர்ந்து வீட்டை மறந்த பிள்ளைகளின் பெற்றோருக்காக வாதாடிக்கொண்டிருந்தார். 1989 நவம்பரில் அவரையும் மனைவியையும் ஒரு வயதுக் குழந்தையையும் இரவில் வீடு புகுந்து கொன்றார்கள். அமைப்பின் சின்னம் ஒன்று வீட்டிலேயே கிடந்தது. ஆனாலும் உடல்கள் கிடைத்தது 1995 செப்டம்பரில். கொலைக்குச் சில நாள் முன்னால் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் அவர் கொடுத்த பேட்டியை, ஒளிபரப்பும் முன்பே அமைப்பின் ஆட்களுக்குப் போட்டுக் காட்டியிருந்தது. இதை அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது 1996ல்.

அடுத்தது மாட்சுமோட்டோ நகரம். 1994 ஜூன் 27 இரவு, ரயில் தாக்குதலுக்கு ஒன்பது மாதம் முன்பே, அங்கே சாரினைப் பரப்பினார்கள். முதலில் தகவல் சொன்ன மனிதரின் மனைவி அந்த இரவே நினைவிழந்தார், 2008ல் இறக்கும் வரை எழவே இல்லை. ஆனால் போலீஸ் சந்தேகப்பட்டது அந்த மனிதரைத்தான். வீட்டில் சில ரசாயனங்கள் இருந்தன, போட்டோ கழுவுவது அவர் பொழுதுபோக்கு. பத்திரிகைகள் அவரைக் குற்றவாளி மாதிரியே எழுதின. மார்ச் தாக்குதலுக்குப் பிறகுதான் மன்னிப்புக் கேட்டார்கள். இதைப் படித்தபோது இரவு பதினொரு மணி இருக்கும். எனக்கு அந்த மர பெஞ்சு ஞாபகம் வந்தது. நான் ஐந்து மணி நேரம்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் ஒன்பது மாதம்.

நடுவில் ஒரு பண நஷ்டம், அதையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானியச் செய்திகள் சிலவற்றை மொழிபெயர்க்க ஆள் தேடினோம். யாரோ சொன்ன யாரோ ஒருவர் பதினைந்து பக்கத்துக்கு 4,500 ரூபாய் கேட்டார், முன்பணமாகவே. நான்தான் கொடுத்தேன். இரண்டே நாளில் வந்துவிட்டது. வந்த வேகமே சந்தேகத்தைக் கொடுத்திருக்க வேண்டும். அதில் ஓர் ஊழியர் 'மூடுபனிச் சோதனைச்சாவடி'யில் இறந்தார் என்று ஆங்கிலத்தில் இருந்தது. சுரங்கப் பாதையில் ஏது மூடுபனி, ஏது சோதனைச்சாவடி? லாஜ்பத் நகரில் ஜப்பான் ஃபவுண்டேஷன் நூலகம் இருக்கிறது. அங்கே போய், ஜப்பானிய மொழி படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அது கசுமிகசெகி என்ற ரயில் நிலையத்தின் பெயர். எழுத்தை எழுத்தாகப் பிரித்தால் மூடுபனியும் சாவடியும் வரும். மெஷினில் போட்டு எடுத்து 4,500 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள். அந்தப் பெண் காசு வாங்காமல் முக்கியமான இரண்டு பக்கத்தைப் படித்துச் சொன்னாள். தெரியாத மொழியில் ஆதாரம் எடுத்தால், முதலில் ஒரு பக்கம் மட்டும் கொடுத்து, வேறொருவரிடம் காட்டிச் சரிபாருங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள்.

கசுமிகசெகி டோக்கியோவின் அரசு அலுவலகங்கள் குவிந்திருக்கும் இடம். நம்ம சென்ட்ரல் செக்ரடேரியட் ஸ்டேஷன் மாதிரி. நச்சு வைத்த ஐந்து ரயில்களும் அதை நோக்கித்தான் ஓடின. அங்கே ரயிலுக்குள் கிடந்த பொட்டலத்தைக் கையால் அப்புறப்படுத்திய துணை நிலைய அதிகாரி இறந்துபோனார். ஒவ்வொரு மார்ச் 20 காலை எட்டு மணிக்கும் அங்கே ஊழியர்கள் வரிசையாக நின்று மௌனம் காக்கிறார்கள். பொட்டலங்கள் செய்தித்தாளில் சுற்றியிருந்தன. நுனி கூராக்கிய குடையால் குத்தி ஓட்டை போட்டுவிட்டு இறங்கினார்கள். இதைப் படித்த வாரம், மஞ்சள் தடத்தில் போய்க்கொண்டிருந்தேன். ஜோர் பாக் தாண்டியிருக்கும். எதிரே ஒருவர் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றைக் கால்மாட்டில் தரையில் வைத்தார். காகிதத்தில் ஓர் ஈரத் திட்டு. அது மெல்ல மெல்லப் பெரிதாவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு வேர்த்தது. உத்யோக் பவனில் கதவு திறந்ததும் இறங்கிவிட்டேன். இறங்கின பிறகுதான் மூக்கில் ஏறியிருந்த வாசனை மனசுக்கு எட்டியது. கச்சோரி. எண்ணெய். பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டு ரயிலை விட்டேன்.

இந்த விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து டில்லித் தோழி, தனக்கு சகாமோட்டோ வீட்டுக் குழந்தையின் முகம் கனவில் வருகிறது என்று அழுதபோதுதான், ஐந்து பேரும் ஆளுக்கொரு விதத்தில் இதைத் தூக்கிக்கொண்டு திரிகிறோம் என்று தெரிந்தது. மதுரைக்காரன்கூட. அதற்கப்புறம் சில வழக்கங்கள் வைத்தோம். இரவு எட்டு மணிக்கு மேல் யாரும் இதைப் படிப்பதில்லை. வீடியோ என்றால் தனியாகப் பார்ப்பதில்லை, சத்தத்தை அணைத்துவிட்டு, படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, சின்னதாக வைத்துப் பார்ப்பது. தேவையான காட்சியை ஒருவர் பார்த்து எழுதினால் போதும், மற்றவர்களும் பார்க்க வேண்டியதில்லை. வாரம் ஒரு நாள் முழுக்க இதைப் பற்றிப் பேச்சே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மலை மந்திருக்குப் போவோம். சாமி கும்பிடாத பாட்னாக்காரன் பிரசாதத்துக்காகவே வருவான். கல்லூரி ஆலோசகரிடம் நானும் தோழியும் மூன்று முறை போனோம். முன்பே போயிருக்கலாம்.

இனி ஆய்வில் கண்டது. எல்லோரும் கேட்கும் கேள்வி, இவ்வளவு படித்தவர்கள் எப்படி இதில் போய் விழுந்தார்கள் என்பது. ரயிலில் நச்சு வைத்த ஐந்து பேரில் ஒருவர் இதய அறுவை சிகிச்சை மருத்துவர், இகுவோ ஹயாஷி. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தவர் ஒருவர், வசேடா பல்கலைக்கழகத்தில் படித்தவர் ஒருவர். நாங்களும் அந்தக் கேள்வியோடுதான் ஆரம்பித்தோம். போகப் போக அந்தக் கேள்வியே கோணலாகப் பட்டது. யாரும் கொலை செய்யச் சேரவில்லை. முதலில் யோகா. முதுகுவலி போகும், மனசு லேசாகும். அப்புறம் ஒரு முகாம். அப்புறம் நன்கொடை. அப்புறம் வீட்டையும் சொத்தையும் விட்டுத் துறவு. ஒவ்வொரு படியிலும் முந்தின படியில் கொடுத்தது வீணாகிவிடக்கூடாதே என்ற எண்ணம். உள்ளே போன பிறகு சந்தேகம் கேட்டால், அது உன் மனசின் அழுக்கு, இன்னும் பயிற்சி செய் என்பார்கள். கொலைக்குக்கூட 'போவா' என்று ஒரு பெயர் வைத்திருந்தார்கள். திபெத்திய பௌத்தத்தில் இறப்பவரின் உயிரை நல்ல இடத்துக்கு அனுப்பும் சடங்கு அது. இங்கே கொன்றால் கொல்லப்படுகிறவருக்கே நல்லது என்று அதைத் திருப்பிவிட்டார்கள். ஹயாஷி கடைசி நேரத்தில் ரயிலில் இருந்தவர்களைப் பார்த்துத் தயங்கியதாகச் சொன்னார். தயங்கினார், ஆனால் குத்தினார். பின்னால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதால் அவருக்கு ஆயுள் தண்டனை. அசஹாரா உட்பட 13 பேரை 2018 ஜூலையில் தூக்கிலிட்டார்கள்.

இந்தப் பகுதியை எழுதும்போது பாலக்காட்டுப் பெண், 'நான் அன்னிக்குக் கேட்டேன்ல, யாரும் பதில் போடலை' என்றாள். சண்டைக்கு வரவில்லை, சும்மா சொன்னாள். எங்களை அந்த அமைப்போடு ஒப்பிட எனக்கு மனசில்லை, அது அபத்தம். ஆனால் ஒரு குழுவில் சங்கடமான கேள்வி எப்படிக் காணாமல் போகிறது என்று எனக்குத் தெரியும். யாரும் அதை எதிர்க்க வேண்டியதில்லை. கட்டைவிரலை அடுத்த செய்திக்கு உயர்த்தினால் போதும். அதற்குப் பிறகு கூடும்போதெல்லாம் ஒருவருக்குக் குறை சொல்கிற வேலை மட்டும் கொடுத்தோம், முறை வைத்து. அன்றைக்கு அவர் எதையும் ஒப்புக்கொள்ளக்கூடாது. பாட்னாக்காரன் முறை வந்தால் 'சரி சரி' சொல்லத் தடை. ஒரு பொது எக்செல் தாளில் ஒவ்வொரு தகவலும், எங்கிருந்து எடுத்தது, எந்தப் பக்கம், யார் சரிபார்த்தது என்று மூன்று கட்டம். சரிபார்த்தவர் பெயர் இல்லாத வரி அறிக்கையில் ஏறாது. இது வந்த பிறகுதான் யார் வேலை செய்கிறார்கள், யார் சும்மா இருக்கிறார்கள் என்பதும் தெரிந்தது. மார்ச் வரை பாதிக்கு மேல் நான்தான் செய்கிறேன் என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன். தாளைப் பார்த்தால் அப்படி இல்லை. என்னைவிட பாட்னாக்காரன் பதினெட்டு வரி அதிகம்.

ஏப்ரல் கடைசியில் அறிக்கை முடிந்தது. ஒரு முறை பைண்ட் செய்து, பிழை கண்டு, மறுபடி செய்ததில் 1,100 ரூபாய் தண்டம். அலைந்த ஆட்டோவுக்கு ஒரு தொள்ளாயிரம் போயிருக்கும். கடைசிப் பிரதி எடுக்க மதுரைக்காரன் வேறு கடைக்குப் போகலாம் என்றான். நான் பேர் சராய்க்கே போகலாம் என்றேன். அதே கடை, அதே ஆள். பென் டிரைவை நீட்டும் முன்னால், முத்திரை போட்ட கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் விரித்து வைத்தேன். மடிப்பு நைந்துபோய் நடுவில் கிழிகிற நிலையில் இருந்தது. அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முழுதாகப் படித்தார். என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. கடிதத்தை ஜாக்கிரதையாக அதே மடிப்பில் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 'இரண்டு பக்கமும் அடிக்கவா, ஒரு பக்கமா?' என்றார்.